கடுகு தேர்ந்தெடுத்த கத்தி

அந்த வீட்டில் ஒரு விதி இருந்தது. யாருக்குக் கோபம் வருகிறதோ, அவர் போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும்.

விதியைப் போட்டவர் அம்மா. அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். நாள் முழுக்கக் குறுக்கே பாய்கிற வண்டிகளையும் காதைப் பிளக்கிற ஹாரன்களையும் பொறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், இங்கே அதைவிடப் பெரிய சத்தம். "கத்துறதுக்கு வாய் இருக்குன்னா கழுவுறதுக்குக் கையும் இருக்கும்" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. அம்மாவுக்கும் அதே சட்டம்தான்.

அந்தக் குடும்பத்தில் கோபம் என்பது குளியல் சோப்பு மாதிரி. எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் அவர்கள் வீட்டுப் பாத்திரங்கள் எப்போதும் பளபளவென்று இருந்தன.

எல்லாரையும்விட அதிகமாகக் கழுவியவள் கடைக்குட்டிதான். ஆள் சின்னது, கொஞ்சம் சூடு பட்டாலும் வெடித்துவிடும். அதனால் அவளைக் கடுகு என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கென்று அழகான பெயர் ஒன்றும் வைத்திருந்தார்கள். ஆனால் அங்கேயும் இரண்டே நாளில் கடுகாகிவிட்டாள்.

கடுகுக்கு ஓர் அண்ணன். அவனுக்குப் பட்டப்பெயர் வக்கீல். நீங்கள் எதைச் சொன்னாலும் எதிராக ஒன்று சொல்லுவான். "மழை வருது" என்றால், "வருதுன்னு எப்படிச் சொல்ற, தூறுதுன்னு சொல்லு" என்பான்.

வக்கீலுக்குப் பத்து வயதானபோது அப்பா அவனைக் கடைக்கு அழைத்துப்போனார். "உனக்குப் பிடிச்ச மடக்குக் கத்தியை நீயே எடு" என்றார். மடக்கினால் கைக்குள் அடங்கிவிடும், விரித்தால் கத்தி, ரம்பம், கத்தரி என்று ஒவ்வொன்றாக வெளியே வருமே, அந்த மாதிரிக் கத்தி. வக்கீல் மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஒன்றை எடுத்தான். அதே வருடம் அதை ஆற்றில் போட்டுவிட்டு வந்தான் என்பது வேறு விஷயம்.

கூடப் போயிருந்த கடுகு, "எனக்கு?" என்று கேட்டாள்.

"உனக்கும் பத்து வயசாகட்டும். அப்போ உன் கத்தியை நீயே எடுக்கலாம்" என்றார் அப்பா.

கடுகு மூன்று வருடம் காத்திருந்தாள். இப்போது அவளுக்குப் பத்து வயது. போதாததற்கு, வகுப்பே மலைமுகாமுக்குப் போகப்போகிறது.

முகாமுக்கு அழைத்துப்போகிறவர் மலை மிஸ். சாதாரண நாளில் கணக்குச் சொல்லித்தருவார். விடுமுறை வந்தால் மலையேறப் போய்விடுவார். அவர் ஒரு கூடாரத்துக்கு நான்கு பேர் என்று பிரித்திருந்தார். ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரே ஒரு மடக்குக் கத்தி. அதை வைத்துக்கொள்ள ஒருவர். அதற்குப் பெயர் கத்திப் பொறுப்பு.

கடுகின் கூடாரத்தில் எல்லாரும் அவளைத்தான் கை காட்டினார்கள். ஆனால் கை காட்டினால் மட்டும் போதாது.

"சனிக்கிழமை மைதானத்துல பரீட்சை" என்றார் மலை மிஸ். "கத்தியைப் பெரியவங்க யாராவது எடுத்துட்டு வரணும். நீங்க எனக்கு முன்னாடி அதைத் திறந்து, கயிறு வெட்டி, விரல் படாம மடக்கணும். யாரும் உதவி பண்ணக்கூடாது. முடியலைன்னா கத்திப் பொறுப்பு வேற ஆளுக்கு. உங்களுக்குப் பாத்திரப் பொறுப்பு."

பாத்திரப் பொறுப்பு என்றால் முகாம் முழுக்க எல்லாருடைய தட்டையும் கழுவுவது. வீட்டில் கழுவுவதே கடுகுக்குத் தாராளமாகப் போதும்.

"இன்னொண்ணு" என்றார் மிஸ். "ஒருத்தர் கையில கத்தி திறந்திருக்கும்போது சுத்தி நிக்கிறவங்க வாயைத் திறக்கக்கூடாது. பேசினா அவங்களுக்கும் பாத்திரப் பொறுப்புதான்."

அன்று மாலை கடுகு குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பாவோடு கடைக்குப் போக வேண்டும். எல்லாக் கத்தியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றைப் பிடித்து, "இதுதான்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை அவள் மூன்று வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

அப்பா வந்தார். கையில் ஒரு சிவப்புப் பெட்டி.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். காலையிலிருந்து மாலைவரை வருகிறவர்களிடமெல்லாம் பேசிப் பேசி மெத்தை விற்பார். அப்படிப்பட்ட மனிதர் இன்னொரு கடைக்குள் காலை வைத்தால் போதும், அந்தக் கடைக்காரர் பேச்சில் விழுந்துவிடுவார். "இதுல இன்னொண்ணும் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால் அப்பா காலி. அப்படி வந்ததுதான் ரேடியோ வைத்த டார்ச். அதில் ரேடியோவும் பாடாது, விளக்கும் எரியாது. அப்படி வந்ததுதான் ஏணியாக மாறுகிற நாற்காலி. அதில் உட்காரவும் பயம், ஏறவும் பயம்.

"கடுகு, கையை நீட்டு" என்றார் அப்பா.

பெட்டிக்குள் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. செங்கல் குட்டி போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"என்னப்பா இது?"

"உன் முகாம் கத்தி. வர்ற வழியில கடையைப் பார்த்தேன். நீ எதுக்கு அலையணும்னு நானே வாங்கிட்டேன். கடையில இருக்கிறதிலேயே பெருசு. பாரு, கத்தி, ரம்பம், கத்தரி, பூதக்கண்ணாடி, பல்குச்சி, எல்லாம் இருக்கு."

"இந்தச் சுருட்டைக் கம்பி எதுக்கு?" என்று கேட்டான் வக்கீல்.

அப்பா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எதுக்காவது ஆகும்" என்றார்.

கடுகுக்குக் காது சுட்டது. "நான்தானே எடுக்கணும்? நீங்க சொன்னீங்கல்ல?"

"நீ எடுத்தா என்ன, நான் எடுத்தா என்ன? கத்தி கத்திதானே."

"அண்ணா மட்டும் எடுத்தான்."

"அவன் எடுத்ததை ஆத்துல போட்டான். அதான் இந்தத் தடவை நானே எடுத்துட்டேன்."

"அவன் ஆத்துல போட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்? மூணு வருஷமா காத்துட்டு இருந்தேன்பா. நான் எடுக்கிறதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். நீங்க எடுக்கிறதுக்கு இல்ல." கடைசி வார்த்தை ஜன்னல் கண்ணாடியில் மோதித் திரும்பியது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சிங்க்."

அவ்வளவுதான். கடுகு தரை அதிர நடந்துபோய்க் குழாயைத் திறந்தாள். அன்றைக்கு அவள் தேய்த்த தேய்ப்பில் ஒரு கரண்டியின் பூவேலையே பாதி அழிந்துபோனது.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும், சரி, கிடைத்ததை வைத்தாவது பழகுவோம் என்று உட்கார்ந்தாள். அப்பா பக்கத்தில் இருந்தார்.

கடுகு இடது கைக்காரி. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சாப்பிடும்போது முழங்கை இடிக்கிறது என்று அவளுக்கு எப்போதும் ஓரத்து நாற்காலிதான். அவள் கத்தியை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரல் நகத்தால் திறக்கப் பார்த்தாள். நகம் வழுக்கியது. மறுபடி பார்த்தாள். கத்தி அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நகம்தான் பிய்ந்தது.

"குடு இங்க" என்று வாங்கினான் வக்கீல். டக்கென்று திறந்தான், டக்கென்று மூடினான். "கையில வலு வேணும் கடுகு. உனக்கு இல்ல."

"இருக்கு."

"இருந்தா திறந்திருக்குமே?"

கடுகு பிடுங்கி மறுபடி முயன்றாள். திறக்கவில்லை. அப்பா அவளுடைய சிவந்த விரலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வேணாம் விடும்மா. நான் மிஸ்கிட்ட பேசுறேன். கத்திப் பொறுப்பை வேற யாராவது எடுத்துக்கட்டும். நீ கையை அறுத்துக்கிட்டு வந்தா என்ன பண்றது?"

அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கடுகுக்கு அப்பா மேல் கோபம், அண்ணன் மேல் கோபம். எல்லாவற்றையும்விடத் தன் கை மேல் கோபம் வந்தது. பால் ஊற்றினால் சிந்துகிற கை. காகிதம் வெட்டினால் கோணலாகப் போகிற கை. இப்போது ஒரு கத்தியைத் திறக்கக்கூட வக்கில்லாத கை.

கத்தியை மேசையில் டங்கென்று வைத்தாள். யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே சிங்குக்குப் போனாள்.

முதலில் தட்டுகளைக் கழுவினாள். அடுத்து பால் பாத்திரம் வந்தது. நீளமான கைப்பிடியும் விளிம்பில் ஒரு மூக்கும் வைத்தது. இதில் பால் ஊற்றினால் கடுகு சிந்தாத நாளே கிடையாது. "பார்த்து ஊத்து" என்று திட்டு வாங்காத நாளும் கிடையாது. அதன் மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து வைத்துத் தேய்த்தாள்.

அதற்கு அடியில் இன்னொரு பால் பாத்திரம் கிடந்தது. சின்னது. அதில் மட்டும் அவள் சிந்தியதே இல்லை. ஏன்?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெரிய பாத்திரத்துக்கு ஒரே ஒரு மூக்கு. கைப்பிடியை வலது கையில் பிடித்தால் மூக்கு உள்பக்கமாக, டம்ளரைப் பார்த்து இருந்தது. இடது கையில் பிடித்தால் அது வெளிப்பக்கம் போய்விட்டது. ஊற்ற வேண்டுமானால் கையை முறுக்கிக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். சின்னப் பாத்திரத்துக்கோ இரண்டு பக்கமும் மூக்கு.

கடுகு குழாயை மூடக்கூட மறந்துபோனாள். ஈரக் கையோடு மேசைக்கு ஓடினாள். செங்கல் குட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு கருவியிலும் நகம் வைத்து இழுக்க ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. எல்லாப் பள்ளமும் ஒரே பக்கம். இடது கையில் பிடித்து வலது கையால் திறக்கிறவர்களுக்கு அது கண்ணுக்கு எதிரே இருந்தது. கையை மாற்றிப் பிடித்தால் அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டது.

"அப்பா" என்றாள். குரல் நடுங்கியது. அழுகையில் இல்லை, ஆத்திரத்தில். "இதைத் திறங்க."

அப்பா திறந்து மூடினார்.

"இப்போ கையை மாத்துங்க. என்னை மாதிரி பிடிச்சுத் திறங்க."

அப்பா கையை மாற்றினார். கட்டைவிரலால் தடவினார். பள்ளம் அகப்படவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தார். நகம் வழுக்கியது. "என்னடா இது" என்று முணுமுணுத்தார்.

"நான் பண்றேன்" என்று வக்கீல் வாங்கினான். அவனும் கையை மாற்றிப் பிடித்தான். முகம் சிவந்தது. கத்தி அசையவில்லை.

"கையில வலு வேணும் அண்ணா" என்றாள் கடுகு. "உனக்கு இல்ல."

வக்கீல் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். அவன் எதிர்வாதம் இல்லாமல் நின்றதை அந்த வீடு அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தது.

"இவ்வளவு நேரமா என் கை சரியில்லைன்னு சொன்னீங்க" என்றாள் கடுகு. "என் கை நல்லாத்தான் இருக்கு. கத்திதான் எனக்குத் தப்பு. என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா கடையிலேயே தெரிஞ்சிருக்கும்."

அப்பாவின் முகம் மாறியது. "அந்த ஆளு, எல்லாருக்கும் ஏத்த கத்தி சார்னு சொன்னானே" என்று எழுந்தார். "வரட்டும், நாளைக்கு அந்தக் கடையை என்ன பண்றேன் பாரு. யாரை ஏமாத்தப் பார்க்கிறான்? என்னையா?"

"சிங்க்" என்றார் அம்மா.

அப்பா போய் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினார்.

மறுநாள் மாலை இருவரும் கடைக்குப் போனார்கள். கூடாரம், பை, கயிறு, மலையேறும் காலணி என்று எல்லாம் நிறைந்த கடை. கடைக்காரர் சிவப்புப் பெட்டியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"திறந்த பெட்டியைத் திரும்ப எடுக்கிறதில்ல சார்."

"திறக்காம எப்படிங்க பார்க்கிறது?" என்றார் அப்பா.

"அதெல்லாம் நீங்க வாங்கும்போதே யோசிச்சிருக்கணும்."

"நீங்கதானே எல்லாருக்கும் ஏத்ததுன்னு சொன்னீங்க?" அப்பாவின் குரல் ஏறியது. கடையில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் குரலும் ஏறியது. இனி அடுத்தது மேசையைத் தட்டுவதுதான்.

கடுகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இங்க சிங்க் இல்ல."

அப்பா பாதி வாக்கியத்தில் நின்றார்.

கடுகுக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கத்தினால் கடைக்காரரும் கத்துவார். அதற்குள் கடையை மூடும் நேரம் வந்துவிடும். சனிக்கிழமையும் வந்துவிடும்.

"சார், நீங்க காலணியும் விக்கிறீங்கல்ல?" என்று கேட்டாள்.

"விக்கிறோம் பாப்பா."

பாப்பா என்றது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதையும் விழுங்கினாள். "போட்டுப் பார்க்காம யாராவது வாங்குவாங்களா?"

"எப்படி வாங்குவாங்க? போட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குவாங்க."

"காலுக்கு வலது இடது இருக்கு. கைக்கும் இருக்கு. அப்போ கத்தியை மட்டும் ஏன் பெட்டியோட கட்டிக் குடுக்கிறீங்க?" அவள் செங்கல் குட்டியை மேசையில் வைத்தாள். "இதை இடது கட்டைவிரலால திறந்து காட்டுங்க சார். காட்டிட்டீங்கன்னா நாங்க இதையே எடுத்துட்டுப் போயிடுறோம்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்தார். கையை மாற்றினார். சிரிப்பு மெல்ல நின்றது. கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் கத்தியை உற்றுப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"எங்க கடையில படுத்துப் பார்க்காம ஒரு மெத்தை வெளிய போகாது" என்றார் அப்பா. இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னார்.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்து, இருந்த கத்திகளையெல்லாம் ஒரு துணியில் பரப்பினார். "எது வேணுமோ பார்த்து எடும்மா. மாத்தித் தர்றேன்" என்றார்.

கடுகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். மூன்று வருடக் காத்திருப்பு இதற்குத்தான்.

ஒவ்வொன்றாக எடுத்தாள். மடங்கியபடியே உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிப் பார்த்தாள். விரல் எட்டாததை ஒதுக்கினாள். பள்ளம் ஒரே பக்கம் இருந்ததை ஒதுக்கினாள். திறந்தபின் பூட்டாமல் லொடலொடவென்று ஆடிய ஒன்றையும் ஒதுக்கினாள். விரல் மேலேயே மடங்கிவிடுமே.

"கடுகு, இதைப் பாரு, இதுல விசிலும் இருக்கு" என்றார் அப்பா. கண்ணில் பழைய ஆசை மின்னியது.

"விசில் எனக்கு வாயாலேயே வரும்பா."

"இதுல திசைகாட்டி இருக்கே?"

"வழி காட்ட மிஸ் இருக்காங்க."

அப்பா பெருமூச்சு விட்டுக் கீழே வைத்தார். "சீக்கிரம் எடும்மா, கால் வலிக்குது."

"நான் மூணு வருஷம் நின்னேன். நீங்க கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றாள் கடுகு.

கடைசியில் துணியின் மேல் மூன்று கத்திகள் மிஞ்சின. கடுகு கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். அவர் குடிக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தார். அவள் அதில் இரண்டு கையையும் நனைத்தாள். "மலையில மழை பெய்யும்ல" என்றாள். ஈரக் கையில் ஒன்று மீன்குஞ்சு போல நழுவியது. இரண்டு மிஞ்சின. பிறகு விற்பனைக்குத் தொங்கிய கம்பளிக் கையுறையைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அதோடு இன்னொன்றும் போனது.

மிஞ்சியது மெலிசான ஒரு சாம்பல் நிறக் கத்தி. அதில் கத்தி, சின்ன ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். ஆனால் கத்தியில் பள்ளத்துக்குப் பதிலாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வட்ட ஓட்டை இருந்தது. எந்தக் கட்டைவிரலும் அதில் பதியும். திறந்ததும் பூட்டிக்கொண்டது. முதுகில் இருந்த பொத்தானை அழுத்தினால்தான் மடங்கியது.

இரண்டு பக்கமும் மூக்கு வைத்த சின்னப் பால் பாத்திரம் கடுகுக்கு நினைவு வந்தது.

"இதுதான்" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. மைதானத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். பெரியவர்கள் வேலிக்கு வெளியே. அப்பாவோடு வக்கீலும் வந்திருந்தான். கடுகு தோற்பதைப் பார்க்கவா ஜெயிப்பதைப் பார்க்கவா என்று அவன் சொல்லவில்லை.

கடுகுக்கு முன்னால் ஒரு பையனின் முறை. வகுப்பிலேயே உயரமானவன், அதனால் ஒட்டகம். கத்தியை அவன் வெளியே எடுத்ததும் கடுகுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே செங்கல் குட்டி.

ஒட்டகம் திறக்கப் பார்த்தான். நகம் வழுக்கியது. மறுபடி பார்த்தான். காது மடல் சிவந்தது. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது.

கடுகு அவனுடைய கட்டைவிரலைப் பார்த்தாள். இடது கட்டைவிரல்.

அவளுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. மேசை முன்னால் உட்கார்ந்து தன் கையையே திட்டிக்கொண்டது நினைவு வந்தது. சொல்லிவிடலாம். ஆனால் பரீட்சை நடக்கும்போது பேசினால் பாத்திரப் பொறுப்பு. இவ்வளவு பாடுபட்டு எடுத்த கத்தி வேறு யார் கைக்கோ போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"முடியலையாப்பா?" என்றார் மலை மிஸ்.

ஒட்டகத்தின் கண் நிறைந்துவிட்டது. "என் கைதான் சரியில்ல மிஸ்" என்றான்.

கடுகு வெடித்தாள். "அவன் கை சரியாத்தான் இருக்கு மிஸ். கத்திதான் வலது கைக்காரங்களுக்குச் செஞ்சது. பள்ளம் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு. நீங்களே வேணும்னா கையை மாத்திப் பிடிச்சுப் பாருங்க. சிரிச்சவங்க எல்லாரும் வந்து பாருங்க."

கடுகு மடங்கியிருந்த தன் சாம்பல் நிறக் கத்தியை ஒட்டகத்திடம் நீட்டினாள். "இதுல முயற்சி பண்ணு."

மிஸ் தடுக்கவில்லை. ஒட்டகம் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினான். கத்தி பட்டென்று விரிந்து பூட்டிக்கொண்டது. கயிற்றைத் தன்னிடமிருந்து வெளிப்பக்கமாக வெட்டினான். பொத்தானை அழுத்தி, விரல் படாமல் மடக்கினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

மலை மிஸ் செங்கல் குட்டியை எடுத்துக் கையை மாற்றிப் பிடித்துப் பார்த்தார். இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே கடுகு பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னது சரி. ஆனா பேசினா என்ன விதி?"

கடுகு ஒட்டகத்திடமிருந்து தன் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "பாத்திரப் பொறுப்பு மிஸ்."

"மிஸ், ஒரு நிமிஷம்" என்று வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. வக்கீல் கம்பி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். "கத்தி திறந்திருக்கும்போது பேசக்கூடாது. அதுதானே விதி? அந்தக் கத்தி திறக்கவே இல்லையே மிஸ். திறக்காத கத்திக்கு முன்னாடி பேசினா எப்படித் தப்பாகும்?"

மலை மிஸ் அவனைப் பார்த்தார். கடுகைப் பார்த்தார். "யாரு அது?"

"என் அண்ணன் மிஸ். வக்கீல்."

"சட்டம் படிக்கிறானா?"

"இல்ல மிஸ். பிறந்ததிலிருந்தே இப்படித்தான்."

மிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "வாதம் சரிதான்" என்றார். "உன் முறை. வா."

கடுகு முன்னால் வந்தாள். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதனால் மூன்று முறை மூச்சு விட்டுவிட்டுத்தான் கத்தியைத் தொட்டாள். திறந்தாள், வெட்டினாள், மடக்கினாள். கயிறு இரண்டாக விழுந்தது. விரல்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"கத்திப் பொறுப்பு" என்றார் மிஸ். பிறகு ஒட்டகத்தின் அப்பாவைக் கூப்பிட்டு, "இந்தக் கத்தியை மாத்திட்டு வாங்க. கடைக்குப் பையனையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். வேலிக்கு வெளியே இன்னோர் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலை அம்மா வேலை முடிந்து வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அப்பா தன் ரேடியோ டார்ச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார், கடுகின் ஸ்க்ரூ டிரைவரை அனுமதி கேட்டு வாங்கி. கடுகு பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வக்கீல் மைதானத்தில் தான் வாதாடியதை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தான்.

சிங்க்கில் காலைத் தட்டு, மதியத் தட்டு, டம்ளர், கரண்டி, பால் பாத்திரம் எல்லாம் மலையாகக் குவிந்திருந்தன.

"என்ன இது?" என்றார் அம்மா. "இன்னைக்கு யாருக்கும் கோபம் வரலையா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையிலேயே யாருக்கும் வரவில்லை.

"இப்படிக் குவிச்சு வச்சா எப்படிம்மா? பார்க்கவே எரிச்சலா இருக்கு" என்றான் வக்கீல்.

"எரிச்சலா இருக்கா?" என்றார் அம்மா.

வக்கீலுக்குப் புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதிர்வாதம் தேடியபடியே சிங்குக்குப் போனான். கடுகு சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். பிறகு அவளும் எழுந்துபோய், இரண்டு மூக்கு வைத்த அந்தச் சின்னப் பால் பாத்திரத்தை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கழுவினாள்.